வெலிங்டனில் இரண்டு வாத்தியார்கள்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் டிக்கெட் கிடைப்பது, எங்கள் ஊர்ப் பக்கம் அரசு வேலை கிடைப்பது மாதிரி. மூன்று வருடமாக முயன்று இந்தக் கோடையில்தான் கிடைத்தது. கூட வந்தது எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கும் அக்கா. நான் கணக்கு.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் தொடங்குகிறது. எஞ்சின் பின்னாலிருந்து முட்டித் தள்ள, பெட்டிகள் முக்கிக்கொண்டு ஏறுகின்றன. "பாரு கண்ணு, வாத்தியார் வேலையும் இதேதான், பின்னாடி நின்னு தள்றது" என்றார் அக்கா. அந்த உவமையை ஆசிரியர் தின விழாக்களில் அவர் ஏற்கெனவே நாலு தடவை சொல்லிவிட்டார். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒரு குரங்கு அவர் வடையைப் பிடுங்கிப் போனது. அதன் பிறகு உவமை வரவில்லை.

எனக்குக் கண் முழுக்க ரன்னிமேடு தாண்டி வரும் காட்டேரிப் பக்கம்தான். 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் பறந்த ராணுவ ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மறையும் ஒரு வீடியோவை நாமெல்லாரும் பார்த்தோமே, அதை எடுத்தவர்கள் இந்தத் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள். சத்தம் நின்றதும் 'விழுந்துருச்சா' என்பது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ரயில் அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டது. பள்ளத்தில் மரங்கள், மேலே பனி. அவ்வளவுதான்.

குன்னூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அந்த ஹெலிகாப்டர் விழுந்த நஞ்சப்பசத்திரத்துக்கு வந்த வழியே கீழே போனோம். ஆட்டோக்காரருக்கு ஆச்சரியம். "சிம்ஸ் பார்க் போகலீங்களா?" அங்கே ஒரு வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் வழி கேட்டோம். "பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? மரந்தான்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "கொடத்துல, பக்கெட்டுல தண்ணி மோந்து ஊத்துனாங்க. கிட்டப் போக முடியல, அப்படி அனல். வீட்டுல இருந்த கம்பளியக் கொண்டுபோய்க் கொடுத்தோம், தூக்கறதுக்கு." குளிர்காலத்து நீலகிரியில், வீட்டில் இருந்த கம்பளி. அதைச் சொல்லும்போது அவர் கை தோளில் கிடந்த சால்வையைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் 14 பேர். முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே போய்விட்டார்கள். உயிரோடு மீட்கப்பட்டுப் பிழைத்திருந்த ஒரே ஆள் குரூப் கேப்டன் வருண் சிங். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அவர் வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியில் பயிற்றுநர். அதாவது, வாத்தியார்.

நான் மலையேறி வந்ததே அவருக்காகத்தான். 2020 அக்டோபரில் அவர் ஓட்டிய தேஜஸ் போர் விமானம் நடுவானில் கட்டுப்பாட்டை இழந்தது. குதித்துத் தப்பியிருக்கலாம். குதிக்காமல் விமானத்தைத் தரையிறக்கினார். சௌரிய சக்கரா விருது கிடைத்தது. விருது வாங்கியவர் செய்த அடுத்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தான் படித்த சண்டிமந்திர் ராணுவப் பள்ளியின் முதல்வருக்கு 2021 செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார். பள்ளியில் தான் சாதாரண மாணவன், பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறித்தான் முதல் வகுப்பு வந்தது, சாதாரணமாக இருப்பதில் தப்பே இல்லை, உனக்குப் பிடித்த வேலை எதுவென்று கண்டுபிடி, அதில் முழு உழைப்பைக் கொடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஒரு மாணவனுக்குப் பயன்பட்டாலும் போதும் என்றும் எழுதியிருந்தார். விபத்துக்குப் பிறகு அந்தக் கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன்.

சொல்லித்தான் ஆகவேண்டும். அதே வாரம், பத்தாம் வகுப்பில், டெஸ்ட் பேப்பர் கொடுக்கும்போது ஒரு பையனிடம், "பதினோரு மார்க்கு! நீயெல்லாம் எதுக்குடா ஸ்கூலுக்கு வர்றே?" என்று கேட்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து நாலு நாள் அவன் வரவில்லை. திரும்பி வந்த அன்று, கடிதத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்ததை வகுப்பில் வாசித்தேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. வருண் சிங்குக்காக என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

சரி, ஊட்டி பஸ்ஸுக்கு வருகிறேன். வெலிங்டனைத் தாண்டும்போது அக்கா தூங்கிவிட்டார். கல்லூரிக்குள் நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள், நாங்கள் முயலவும் இல்லை. இங்கே இன்னொரு வாத்தியாரும் இருந்தார். 1959-இல் இந்தக் கல்லூரிக்குத் தலைமையேற்ற, பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியான சாம் மானெக்‌ஷா. மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவர். அதற்காகவே தேசத்துக்கு விசுவாசமில்லாதவர் என்று விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். குற்றமில்லை என்று வெளியே வந்தார். அப்படிப் பட்டும் வாய் அடங்கவில்லை. 1971 ஏப்ரலில், கிழக்குப் பாகிஸ்தான் மீது உடனே படையெடுக்க முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, படை இன்னும் தயாராகவில்லை, மழைக்காலம் வேறு வருகிறது, அவகாசம் வேண்டும் என்றார். போர் டிசம்பரில் நடந்தது, 13 நாளில் முடிந்தது. போர்க்களத்தில் வயிற்றில் குண்டு வாங்கியவர்தான், 1942-இல் பர்மாவில். ஆனால் அந்த ஏப்ரல் மாதத் 'தயாராகவில்லை'தான் எனக்குக் குண்டு வாங்கியதைவிடக் கஷ்டமாகத் தெரிகிறது. காரணம் உண்டு. போன வருடம் ஒரு ஆய்வுக் கூட்டத்தில், அடுத்த மாதமே கணக்கில் நூறு சதவீதம் வேண்டும் என்றார்கள். எழுந்து, "இந்தப் பசங்க இன்னும் ரெடியாகலைங்க, பொங்கல் வரைக்கும் டைம் கொடுங்க" என்றேன். மானெக்‌ஷாவுக்குக் குரல் நடுங்கியிருக்காது. எனக்கு நடுங்கியது. டைம் கிடைத்ததா என்றால், பாதி கிடைத்தது.

அவர் ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூன் 27-இல் வெலிங்டனில் இறந்தார். ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூவுக்குப் பக்கத்தில் அடக்கம். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், கேட் பூட்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் பத்து நிமிடம் நின்றோம். "உள்ளே போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார் அக்கா. தெரியவில்லை. சல்யூட் அடிக்கவும் நமக்குச் சரியாக வராது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வர்க்கி வாங்கினோம். வீட்டுக்கு ஒரு கிலோ, ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கிலோ. தனியாக அரைக் கிலோ கட்டச் சொன்னதும் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"அந்தப் பதினோரு மார்க்குப் பையனுக்குங்க்கா. பைபாஸ்ல ஒர்க் ஷாப் வெச்சிருக்கான். என் வண்டிக்குப் பிரேக் வயர் மாத்தினான், காசு வாங்க மாட்டேங்கறான்."

"அப்போ ஒரு கிலோவாக் கட்டச் சொல்லு" என்றார்.