நந்தி விலகிய தூரம்

திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலில் நந்தி சந்நிதிக்கு நேராக இல்லை. தீண்டாமையால் உள்ளே வர முடியாத சிவனடியார் நந்தனார் வாசலிலிருந்தே இறைவனைக் காண, அது விலகியதாகப் புராணம். வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தலத்துக்கு, ஒரு திங்கட்கிழமை மாலையில் அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். மூலவர் புற்று வடிவானவர் என்பதால் அவருக்குப் புனுகு சாத்துவது இங்குள்ள வழக்கம். அன்று அதைக் காண வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வாசலைக் கடந்ததும் குருக்கள் எங்களை நிறுத்தி, "இங்கேருந்தே பாருங்கோ, நந்தனார் பார்த்தது இந்த வழிதான்" என்றார். பெரிய நந்தியின் திமில் மறைத்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடைவெளியின் முடிவில், இருட்டுக்குள் ஒற்றை விளக்கு தெரிந்தது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "சாமி, அவர் உள்ளே வந்தாரா?" என்று கேட்டார். குருக்கள் சற்றுத் தயங்கி, "இல்லம்மா, அங்கேருந்தேதான்" என்றார்.

சேக்கிழார் பெரிய புராணத்தில் இந்நிகழ்ச்சியைப் பாடும்போது, திருமுன்பு நின்ற "போரேற்றை விலங்க" இறைவன் அருளினார் என்கிறார். இச்சொற்களைச் சிறுவயதிலிருந்தே அருளின் பெருமையாகத்தான் கேட்டு வந்திருக்கிறேன். இன்றும் அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வாசலில் நின்றபோது, விலகியது கல்லால் ஆன காளை மட்டுமே என்பதும், நந்தனாரை வெளியே நிறுத்திய வழக்கமும் அதைக் காத்த மனிதர்களும் அணுவளவும் அசையவில்லை என்பதும் உறைத்தன. இறைவன் தன் பங்கைச் செய்துவிட்டான். மற்றவர்கள் செய்ய வேண்டியது அப்படியே கிடந்தது.

நந்தனாரின் தொண்டு எது என்பதையும் சேக்கிழார் விரிவாகவே சொல்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர், கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். அதாவது அவர் உரித்துப் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள் சென்று ஒலித்தது. பதப்படுத்திய கைக்கு அங்கே இடமில்லை. (அவரை வதைக்கும் வேதியர் பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கொண்டுவந்த பாத்திரம் அது. பழியை ஒரு கொடியவன்மேல் ஏற்றிவிட்டால் நமக்கு எவ்வளவு வசதி!) திருப்புன்கூரில் நந்தனார் வெட்டிய குளமும், அதற்குத் துணைநின்றதாகச் சொல்லப்படும் குளம் வெட்டிய விநாயகரும் இருக்கிறார்கள். குளக்கரையில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சிதம்பரம் சென்றோம். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று பல நாள் தள்ளிப்போட்டதால் திருநாளைப் போவார் எனப் பெயர் பெற்று வந்து சேர்ந்த நந்தனார், இங்கும் ஊரெல்லையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னர் கனவில் ஆணை பெற்று, தில்லைவாழ் அந்தணர் வளர்த்த தீயில் மூழ்கி, மார்பில் பூணூலும் தலையில் சடையுமாக எழுந்த பிறகே உள்ளே சென்றார் என்பது புராணம். தூய்மை செய்யப்பட வேண்டியவர் அவராகத்தானா இருந்திருக்க வேண்டும்? "செம்மையே திருநாளைப் போவார்" என்று சுந்தரர் பாடியபோது, அந்தச் செம்மைக்கு நெருப்பின் சான்றிதழ் எதையும் அவர் கேட்கவில்லை.

அவர் தீயில் இறங்கிய இடமாகச் சொல்லப்படும் ஓமக்குளத்தைத் தேடிச் சென்றோம். நந்தனாரின் பெயரை மடத்துக்கும் கல்விக்கும் உரியதாக்கியவர் சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்காக 1916இல் அவர் இவ்வூரில் பள்ளி தொடங்கினார். தீக்குழியின் கதையிலிருந்து ஒருவர் கரும்பலகைக்கு வந்து சேர்ந்ததை நான் பெரிய பக்தியாகவே கருதுகிறேன். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், அதுவரை நுழைவு மறுக்கப்பட்டிருந்த கக்கன் முதலியோருடன் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். அதைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் பிரிவு வந்தது அதற்கும் பிறகுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கண்ணீரோடு பாடிய ஒன்றுக்கு இத்தனை நாளை!

திரும்பும் வழியில் அம்மா எங்கள் ஊர்த் திருவிழாவை நினைவுபடுத்தினார். பறையடிக்க வருபவர்கள் புளியமரத்தடியோடு நின்றுவிடுவார்கள். பூசை முடிந்ததும் அவர்களுக்குச் சுண்டல் கொண்டுபோவது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கையில் கொடுக்கக் கூடாது, தரையில் இலையை வைத்துவிட்டு நாலடி பின்னால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். என் தாத்தா வயதுடைய ஒருவர், நான் பின்வாங்கும்வரை காத்திருந்து, குனிந்து இலையை எடுத்து, "நல்லாருங்க சாமி" என்பார். நானும் தலையாட்டிவிட்டு ஓடி வருவேன்.

"அவர் பேரு உங்களுக்கு ஞாபகமிருக்காம்மா?" என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். ரயில் சீர்காழியைத் தாண்டிய பிறகும் யோசித்துக்கொண்டே வந்தார். அவருக்கு நினைவு வரவில்லை. எனக்கோ, அந்தப் பெயரை ஒருமுறையாவது கேட்டறிந்ததாகவே நினைவில்லை. இப்போது ஊரில் பூசை நேரத்துக்கு மின்மோட்டாரில் இயங்கும் முரசு வைத்திருக்கிறார்கள்.