பத்து காசு விரிசல்

22 செப்டம்பர் 2025, திங்கள்

மறுபடியும் மழ. சாயங்காலம் கோயில் பக்கம் போயிட்டு வர்றப்ப கல்வர்ட்டு, எங்க தோட்டத்து ரோட்டுல இருக்குற சின்னப் பாலம், அதோட பக்கச் சுவத்து விரிசல்ல ஒரு பத்து காசு நட்டுக்கா விட்டுப் பாத்தேன், இறுக்கமா நுழையுது. போன வாரம் நுழையல. இன்னைலேர்ந்து தேதி போட்டு எழுதி வைக்கப்போறேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ். காலைல 5.15க்கு வேன் வந்துடும். மிஷின்ல 4 மணி நேரம், போக வர எல்லாம் சேத்து வீடு திரும்ப பகல் ஆயிடும். வேன் கல்வர்ட்டு மேல ஏறுறப்ப வேன் அண்ணே ரேடியோவ அடச்சிடுறாரு. சத்தம் கேக்கணும்ல, அதுக்குத்தான். போன மாசம் வரைக்கும் அவரு அப்படி செஞ்சதில்ல.

26 செப்டம்பர், வெள்ளி

மஜ்லிஸ் ஆபீசுக்கு, ஊராட்சி மன்றத்துக்கு, போனேன், லீவு போட்டுட்டு. நம்பர் எடுத்து ஒக்காந்து, கூப்புட்டதும் ஃபோட்டோ எல்லாம் காட்டுனேன். கவுண்டர் பொண்ணு ரோடு பேரு கேட்டுச்சி, எங்க ரோட்டுக்கு ஏது பேரு, தோட்டத்து ரோடு, அவ்வளவுதான். அது ஸ்க்ரீன திருப்பி எனக்கே காட்டுச்சி, பக்கத்து தாமான், அந்த வீடமைப்புப் பகுதி, அதோட கடைசி சந்துல ரோட்டுக் கோடு நின்னு போச்சி. அதுக்கு அந்தப்பக்கம் வெறும் பச்ச. அந்தப் பச்சக்குள்ளதான் நாங்க 38 வீடு இருக்கோம், மாரியம்மன் கோயில் இருக்கு, கல்வர்ட்டு இருக்கு, அப்பா இருக்காரு.

பொண்ணு பொறுமையாத்தான் சொல்லுச்சி, கொற சொல்ல முடியாது. பெரிய ரோடு பொதுப்பணி இலாகா ஜேக்கேஆர் பாத்துக்கும், தாமான் ரோடெல்லாம் டெவலப்பர் கட்டி முடிச்சி மஜ்லிசுக்கு ஒப்படச்சது, அத மஜ்லிஸ் பாத்துக்கும். நடுவுல இருக்குற 600 மீட்டர் தோட்டத்து கிராண்டுல இருக்கு, தானா பெர்செண்டிரியன், தனியார் நிலம். மஜ்லிஸ் காச தனியார் நிலத்துல போட்டா ஆடிட்ல மாட்டிக்குவாங்களாம். அப்ப யாருகிட்ட போறதுன்னு கேட்டேன். தோட்டத்துக்கு எழுதுங்கக்கா, எங்களுக்கும் ஒரு அடுவான் ஃபோர்ம், புகார் மனு, கொடுத்துட்டு போங்கன்னுச்சி. கொடுத்துட்டு வந்தேன்.

தாமான்ல இருக்குற தங்காச்சி வீட்டுக்கு பிப்ரவரி கடைசி, ஆகஸ்டு கடைசின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ சுக்காய் பிந்து, வீட்டு வரி, கட்டணும். எங்க லயத்துக்கு, தோட்டத்து வீட்டு வரிசைக்கு, அந்த பில்லு வந்ததே இல்ல. பில்லு வராதத நெனச்சி இத்தன வருஷம் சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம்.

28 செப்டம்பர், ஞாயிறு

மழ இல்ல. நல்லா தூங்குனேன்.

2 அக்டோபர், வியாழன்

ராத்திரி அப்பா கைய புடிச்சி, டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய சேத்து வச்ச ஃபிஸ்டுலா மேல வெரல வச்சிப் பாக்குறது வழக்கமாயிடுச்சி. தோலுக்கு அடியில கிர்ருன்னு ஒரு அதிர்வு ஓடிட்டே இருக்கணும், அது நின்னுட்டா உடனே வரணும்னு நர்ஸ் சொல்லிருக்கு. இன்னைக்கு நல்லா ஓடுது.

கைய புடிச்சிட்டே மஜ்லிஸ் கதைய சொன்னேன். அப்பா 85 வயசுலயும் பழச ஒண்ணும் மறக்கல. 1963ல டவுன்ல கடைக் கணக்கு எழுதிட்டு இருந்தாரு, அந்த வருஷம் டவுன் கவுன்சிலுக்கு ஓட்டு போட்டேம்மான்னாரு. ஓட்டு கேக்க வந்தவன் லோங்காங்குல, அதான் சாக்கடையில, எறங்கி நின்னு பேசுனானாம். அப்புறம் இந்தோனேசியாகாரன் சண்டன்னு 1965ல அந்தத் தேர்தல நிறுத்திட்டாங்க. ஊராட்சி மன்றங்கள விசாரிக்க ஒரு அரச கமிஷன் போட்டாங்க, அதுக்குத் தலைவரு நம்ம ஆதி நாகப்பன், ஜான்சி ராணி படையில இருந்த ஜானகி அம்மாவோட வீட்டுக்காரரு. 1968ல அறிக்கைய முடிச்சாரு, தேர்தல் இருக்கணும்னுதான் எழுதுனாரு, அரசாங்கம் ஏத்துக்கல. பொறவு 1976 ஊராட்சிச் சட்டம் வந்துச்சி, தேர்தல் மொத்தமா போச்சி.

நம்ம கல்வர்ட்டு எந்த வருஷம்ப்பான்னு கேட்டேன். 1976தான்னாரு. 72 மூட்ட சிமிண்டு, தோட்டத்து ஸ்டோர் புக்குல நான்தான் ஏத்துனேன்னாரு.

சட்டத்துக்கும் கல்வர்ட்டுக்கும் ஒரே வயசு. தூக்கம் வரல.

6 அக்டோபர், திங்கள்

கவுன்சிலர ஒட்டுக்கடையில புடிச்சேன். நம்ம ஆளுதான், மரியாதையா எழுந்திரிச்சி நாற்காலி இழுத்துப் போட்டாரு. ஆனா நான் கேட்டதுக்கெல்லாம் அவரு நானும் மாசத்துக்கு ஒருக்கா கூட்டத்துல கைதூக்குறவன்தாம்மான்னு சொல்றப்ப எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சி. ஒரு மஜ்லிசுக்கு 8லேர்ந்து 24 பேரு வரைக்கும் கவுன்சிலருங்க, மாநில அரசாங்கம் போடுறதுதான், ஒரு தவணைக்கு 3 வருஷத்துக்கு மேல கெடயாது. எங்க லயத்துக்கு வந்து எங்க மூஞ்சியப் பாத்து வேல கேக்க வேண்டிய அவசியம் அவங்கள்ல யாருக்கும் இல்ல. நல்லவரா இருந்தா வருவாரு. நல்லவருன்னு நம்பிட்டே ஒரு பாலத்த எத்தன நாளைக்கு விடறது. அப்பா 1963ல பாத்த அந்த ஆளு லோங்காங்குல எறங்குனானே, ஓட்டு வேணும்னுதானே எறங்குனான், எறங்கட்டும், எதுக்காக எறங்குனா என்ன.

ஈப்போவுல மாநில அரசாங்கத்துக்கும் எழுதுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நெலமும் ஊராட்சியும் மாநிலத்துக் கையிலதான் இருக்கு, கோலாலம்பூருக்கு எழுதி பிரயோஜனம் இல்லன்னு அவரே சொன்னாரு.

7 அக்டோபர், செவ்வாய்

ரெண்டு காசு சேத்து நுழையுது.

10 அக்டோபர், வெள்ளி

மஜ்லிஸ்லேர்ந்து ஜுருதெக்னிக், டெக்னீசியன், வந்தாரு! மலாய்க்கார பையன், 30 வயசு இருக்கும், சக்கரம் வச்ச அளவுக்கோல உருட்டிட்டு தாமான்லேர்ந்து நடந்தே வந்தாரு. அப்பா சட்டைய மாட்டிட்டு கோல ஊனிட்டு கெளம்பிட்டாரு, வேணாம்னா கேக்கல.

பையன் லோங்காங்குல எறங்குனாரு. பூட்ஸ் முட்டி வரைக்கும் சேறு. பக்கச் சுவத்துக்குப் பின்னாடி மண்ணு போயிடுச்சி, கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போவுது. மேல ஏறி வந்து ரோட்டுல ஒரு எடத்துல காலத் தூக்கி மிதிச்சாரு, திண்ணுன்னு சத்தம். ரெண்டடி தள்ளி மிதிச்சாரு, வெறும் பான மாதிரி டொம்முன்னுச்சி. எங்க மூஞ்சியப் பாக்காம ஃபோன்ல எழுதிக்கிட்டாரு. அப்பா சொல்றாரு, செம்பனை மட்ட வந்து வாய அடைக்குது தம்பி, தண்ணி மேல ஏறி சுவத்துக்குப் பின்னால சுத்திப் போவுது, அதான் மண்ண அரிக்குது, அதுக்கு மேல பழக்குலை லோரி வேற. பையன் ஆமா பாக்சிக், அதேதான்னாரு.

போறப்ப என்கிட்ட தனியா சொன்னாரு. அக்கா, சிமிண்டு பெரிய விஷயமே இல்ல, இந்த ரோடு மார்ரிஸ்ல, அரசாங்க ரோட்டுப் பதிவுல, இல்ல, அதான் சிக்கல். மாநில ரோடுங்கள பாத்துக்க கூட்டரசு வருஷா வருஷம் மானியம் கொடுக்குது, அரசியலமைப்புலயே இருக்காம், ஆனா மார்ரிஸ்ல பதிஞ்ச ரோட்டுக்குத்தான். பதியணும்னா மொதல்ல அது அரசாங்க ரோடா இருக்கணும். அரசாங்க ரோடாகணும்னா நெலத்த எழுதிக் கொடுக்கணும். யாரு கொடுப்பா?

பையன் அப்பா கைய புடிச்சி சலாம் பண்ணிட்டுத்தான் போனாரு. அப்பா அன்னைக்கு முழுக்க மூஞ்சில ஒரு தெம்பு.

14 அக்டோபர், செவ்வாய்

தோட்டத்து கம்பெனி பதில் போட்டுடுச்சி. நாலே வரி. ரோட்ட பொதுமக்கள் பயன்படுத்துறதால ஊராட்சி மன்றத்த அணுகவும்.

அவங்க பழக்குலை லோரி தெனம் அதுலதான் போவுது. 1990ல வந்த தோட்டத் தொழிலாளர் வீட்டுச் சட்டத்த சொல்லலாமான்னு பாத்தேன், அது வேலையில இருக்குறவங்களுக்கு, இங்க முக்காவாசி வீடு வேல விட்டவங்க. பால்மரம் சீவி, அத வெட்டி செம்பன போட்டு, அதுலயும் குல வெட்டி முதுகு போனவங்க. இன்னைக்கு நாங்க பொதுமக்கள் ஆயிட்டோம்.

கடுதாசிய ரெண்டு காப்பி எடுத்து வச்சிருக்கேன்.

18 அக்டோபர், சனி

விடியக்காலைல வேன் கல்வர்ட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சி. நேத்து சாயங்காலம் நாலு டிரம்மு, செவப்பு டேப்பு, மஞ்ச போர்டு வந்து எறங்கிருக்கு, ஆவாஸ், ஜம்பாத்தான் ரோசாக். சேதமான பாலம்னு எழுதியாச்சி, அதுக்கு மேல வேன ஏத்தக்கூடாதுன்னு வேன் அண்ணேயோட முதலாளி சொல்லிட்டாராம். அண்ணே கண்ணு கலங்கி நிக்கிறாரு, அவர திட்டி என்ன ஆவப்போவுது.

கடைசி வீட்டுப் பையன எழுப்பி, சக்கர நாற்காலில வச்சி இருட்டுல தள்ளிட்டுப் போனோம். கல்வர்ட்டு மேல ரோடு தாழ்ந்திருக்குற எடத்துல முன் சக்கரம் மாட்டிக்கிச்சி. அப்பா மடியில தலகாணியும் கம்பளியும் வச்சிக்கிட்டு ஒண்ணும் பேசல. திரும்பி வர்றப்ப இன்னும் கஷ்டம், மிஷினுக்கு அப்புறம் அவருக்கு தல நிக்காது, வாந்தி எடுத்துட்டாரு, அந்த டிரம்மு பக்கத்துலயே.

போர்டு வச்சது சரிதான். யாராவது விழுந்துட்டா? சரிதான். ஆனா அந்த போர்டு எங்கள இந்தப் பக்கம் வச்சி பூட்டிடுச்சே.

20 அக்டோபர், தீபாவளி

முறுக்கு சுடல. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்து விட்டாங்க. அப்பாவுக்கு தண்ணி அளவு, உப்பு அளவு, ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, பாதி கொடுத்தேன்.

மூணு காசு.

23 அக்டோபர், வியாழன்

அப்பாவ மிஷின்ல விட்டுட்டு லேன்ட் ஆபீசுக்கு ஓடுனேன். அங்க ஒரு வயசான அதிகாரி, ரிட்டயர் ஆவப் போறவரு போல, ஃபைல ஓரமா வச்சிட்டு பத்து நிமிஷம் முழுசா கேட்டாரு. இத்தன நாள்ல யாரும் சொல்லாத ஒண்ண சொன்னாரு. நெலச் சட்டத்துல ஹக் லாலு-லாலாங்னு ஒண்ணு இருக்காம், வழி உரிமை. தனியார் நெலமா இருந்தாலும் வேற வழி இல்லாதவங்களுக்காக லேன்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் விசாரண வச்சி, நெலத்துக்காரங்க பேச்சையும் கேட்டு, பொது வழின்னு உத்தரவு போட முடியும். நஷ்ட ஈடும் பேசுவாங்க. நெலம் கை மாற வேணாம், வழி மட்டும். அதுக்கப்புறம் மஜ்லிசுக்கு அங்க வேல செய்ய ஒரு பிடி கெடைக்கும்னாரு.

ஃபோர்ம் வாங்கிட்டு வெளிய வந்து படியில ஒக்காந்து அழுதேன். எதுக்குன்னு தெரியல. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சவங்க இந்த டவுன்ல எத்தன பேரு இருந்துருப்பாங்க, ஒருத்தரு சொல்லிருக்கலாம்ல.

எத்தன வருஷமா அந்த வழிய பொழங்குறீங்கன்னு ஆதாரம் கேப்பாங்களாம். பழைய ஃபோட்டோ, பள்ளிக்கூட புக்கு, கோயில் ரசீது, என்ன கெடச்சாலும் கொண்டான்னாரு.

26 அக்டோபர், ஞாயிறு

38 வீட்டுலயும் கையெழுத்து. மூணு பாட்டிங்க கைநாட்டு. கோயில் தலைவரு அண்ணே 1981 தேரு கல்வர்ட்டு மேல போற ஃபோட்டோவ கண்ணாடி ஃப்ரேமோட கழட்டிக் கொடுத்தாரு. அதுல அப்பா வேட்டி கட்டி ஓரமா நிக்கிறாரு, கையில கணக்கு புக்கு.

29 அக்டோபர், புதன்

கவுன்சிலர் ஃபோன் பண்ணாரு. கூட்டத்துல பேசிட்டாராம், மினிட்ல ஏறிடுச்சாம், ஜுருதெக்னிக் ரிப்போர்ட்டையும் வச்சாங்களாம். லேன்ட் ஆபீஸ் உத்தரவு வந்தா மாநிலத்துகிட்ட காசு கேக்கலாம்னு மஜ்லிஸ் தலைவரு ஒய்டிபி சொன்னாராம். எப்ப வரும்னு கேட்டேன். பேச்சு மாறிடுச்சி. ஆனா ஃபோன் பண்ணாரு, அத எழுதித்தான் ஆகணும்.

1 நவம்பர், சனி

ராத்திரி பூரா மழ. பையனுங்க எட்டு பேரு எறங்கி மட்டைய இழுத்துப் போட்டானுங்க, நான் டார்ச் புடிச்சேன். தண்ணி பக்கச் சுவத்துக்குப் பின்னால சுத்திப் போற சத்தம் நல்லாவே கேக்குது. விடியக்காலைல நாற்காலிய தள்ளல, நாலு பேரு தூக்கிட்டே போனாங்க.

4 நவம்பர், செவ்வாய்

அப்பாவுக்கு ஜுரம். சென்டர்லேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. வார்டு. நடுக்கம் நிக்கல.

மழையில நனஞ்சதுனாலயான்னு டாக்டர கேட்டேன், அப்படி சொல்ல முடியாதுன்னாரு. ரத்தம் எடுத்துருக்காங்க.

5 நவம்பர், புதன்

லேன்ட் ஆபீஸ் கடுதாசி. மொத தடவையா மேல ருஜுக்கான், ஃபைல் நம்பர் போட்டு, எங்க லயத்துப் பேரு போட்டு வந்துருக்கு. 19ம் தேதி விசாரண. கட்டுன வருஷத்துக்கு சாட்சி இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லிருக்கு.

7 நவம்பர், வெள்ளி

கண்ண தொறந்தாரு. கடுதாசிய படிச்சிக் காட்டுனேன். 72 மூட்டன்னு வாய் மட்டும் அசஞ்சிச்சி. அப்புறம் எத்தன காசுன்னு கேட்டாரு.

மூணுதான்ப்பான்னேன்.

காலைல ஆறு நுழஞ்சிச்சி.