மூங்கில் தடியின் நடுப்பகுதி

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர்கள் எந்த நாட்டில் ஒன்றுகூடினாலும் பேச்சு முதலில் போய் நிற்பது கிரிக்கெட்டில்தான். பரியோவான் கல்லூரியுடன் 1904 ஆம் ஆண்டில் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' எமது தலைமுறைகள் பலவற்றை ஒரே மைதானத்தின் எல்லைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதற்குரிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் எழுபதுகளில் அங்கு பயின்ற என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது அதே மைதானத்தின் ஓரத்தில் இருந்த உயரம் பாய்தலுக்கான மணற்குழிதான். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 2024 இல் மறைந்த செய்தி கிடைத்த நாளிலிருந்து அந்தக் குழியைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அவர் எமது கல்லூரியின் மாணவர். 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்ணிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர், அதாவது ஆறு அடி எட்டு அங்குலம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தப் பாய்ச்சல் நிகழ்ந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் எமது விளையாட்டு ஆசிரியர், ஒவ்வொரு வருடமும் பயிற்சி தொடங்கும் நாளில், சுவரில் ஆறு அடி எட்டு அங்குலத்தை அளந்து ஒரு கரிக்கோடு இடுவார். இடைவேளையில் நாம் சின்னப் பெடியன்கள் அதன் கீழ் நின்று கையை நீட்டிப் பார்ப்போம். குதித்தால்தான் விரல் நுனி கோட்டைத் தொடும். ஒரு மனிதர் தம் முழு உடலையும் அதற்கு மேலால் கொண்டு போயிருக்கிறார் என்பதை நாம் விளங்கிக்கொண்டது அந்தக் கரிக்கோட்டினால்தான்.

மாணவர்களை இல்லங்கள் என்னும் அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டி முதலாம் தவணையில் வரும். பந்தல்களுக்குக் குருத்தோலை கட்டுவது, அணிநடைக்குக் கால் பழகுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது என்று வேலைகள் பல. அவை எல்லாப் பாடசாலைகளிலும் உள்ளவையே. எம்மிடம் விசேடமாக ஒப்படைக்கப்பட்ட வேலை குழியைப் பதப்படுத்துவது. மண்வெட்டியால் மணலைப் புரட்டி, கல்லையும் கண்ணாடித் துண்டையும் கையால் பொறுக்கி எடுத்து, மரக்காலையிலிருந்து வண்டிலில் வரும் மரத்தூளை அதனுடன் கலந்து, நடுவில் மேடாகக் குவிப்போம். எமது காலத்தில் மெத்தை கிடையாது. 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பெரி முதுகுப்புறமாகப் பாய்ந்து தங்கம் வென்ற படத்தைப் பத்திரிகையில் கண்டு அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டோர் எம்மிடையே இருந்தனர். மணலில் பிடரி அடிபட விழுவது எவ்வளவு ஆபத்தானது என்று எடுத்துச் சொல்லி ஆசிரியர் அதைத் தடுத்துவிட்டார். ஆகவே சிறியவர்கள் கத்தரிக்கோல் போலக் கால்களை மாற்றி வீசியும், பெரியவர்கள் வயிறு தடியை நோக்கியிருக்க உருண்டும் பாய்ந்தோம். வெறுங்காலில் ஓடிவந்து கடைசி மிதியை அழுத்தும்போது குதிக்கால் நிலத்தில் மோதும் ஓசையைக் கேட்டே, அந்தப் பாய்ச்சல் தேறுமா தேறாதா என்று ஆசிரியர் சொல்லிவிடுவார்.

குறுக்கே வைப்பது மூங்கில் தடி. எவ்வளவு நேராகத் தெரிவு செய்தாலும், இரு முனைகளையும் முளைகளில் வைத்தவுடன் அது நடுவில் சற்றுத் தொய்யும். பாய்தற் கம்பங்களில் அடியும் அங்குலமும் வர்ணத்தால் குறிக்கப்பட்டிருந்ததால், அதை வாசித்து உயரத்தைச் சொல்வது எல்லோருக்கும் இலகுவாக இருந்தது. ஆசிரியர் ஒருபோதும் அவ்வாறு செய்ததில்லை. தடியின் மேற்பக்கம் எந்த இடத்தில் ஆகத் தாழ்ந்திருக்கிறதோ அந்த இடத்திலிருந்து நிலம் வரை அளப்பதே விதி. அவர் முழந்தாளிட்டு, அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணைத் தடியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் நடுவிலேயே அளப்பார். கம்பம் காட்டியதைவிட அரை அங்குலமோ ஓர் அங்குலமோ குறைந்தே வரும்.

1976 ஆம் ஆண்டுப் போட்டியில் எமது இல்லத்து மூத்த மாணவர் ஒருவர் முதலிடத்தை உறுதி செய்தபின் கல்லூரிச் சாதனையை முறியடிக்க முயன்றார். முந்திய சாதனை ஐந்து அடி எட்டரை அங்குலம். தடி உயர்த்தப்பட்டது, கம்பத்தில் ஐந்து அடி ஒன்பது அங்குலம் தெரிந்தது. எமது பந்தல் எழுந்து நின்றது. ஆசிரியர் நடுவில் அளந்து, ஐந்து அடி எட்டுத்தான், இன்னும் உயர்த்தவேண்டும் என்றார். பந்தலில் இருந்து எழுந்த கூச்சலைக் கேட்டும் அவர் முகம் சுளிக்கவில்லை. எமது இல்லத் தலைவரைக் கைகாட்டி அழைத்து, அளவுகோலை அவர் கையிற் கொடுத்து, "தம்பி, நீரே அளந்து சொல்லும்" என்றார்.

இல்லத் தலைவர் முழந்தாளிட்டார். நான் குழியருகே மணல் வாரியுடன் நின்றதால் அவர் முகத்தை நன்றாகக் கண்டேன். ஒருமுறை அளந்தார், கோலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். பின்னர் எழுந்து, எமது பந்தலுக்குக் கேட்கும்படி, "ஐந்து அடி எட்டு அங்குலம்" என்று உரத்த குரலில் சொன்னார்.

தடி மேலும் ஓர் அங்குலம் உயர்த்தப்பட்டது. மூத்த மாணவர் மூன்று முறை பாய்ந்தார். மூன்றாவது முறை உடல் முழுவதும் கடந்தபின் பின்காலின் முழங்கால் தட்டியது. தடி ஆடிஆடிச் சிறிது நேரம் முளையிலேயே நின்றுவிட்டு விழுந்தது. மணலில் கிடந்தபடியே அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஓடிவந்து கை கொடுத்துத் தூக்கியவர் எதிர் இல்லத்துப் பாய்ச்சற்காரர்.

அன்று மாலை பரிசளிப்பு முடிந்தபின், ஆசிரியர் பதிவேட்டை விரித்து எமது இல்லத் தலைவரிடம் பேனாவைக் கொடுத்தார். அந்த வருடத்து உயரம் பாய்தலின் வெற்றி உயரமும், மாற்றமின்றி நின்ற பழைய சாதனையும் அவருடைய கையெழுத்திலேயே எழுதப்பட்டன.