தெற்கே ஒரு சூரியன்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மே மாத வெயிலில் வெந்த காட்பாடி வீடு. அம்மாவும் நானும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம்.

தெற்கே, மலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு நட்சத்திரங்கள். இடது பக்கம் பளிச்சென்று இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி.

கண்ணுக்கு ஒரே புள்ளி. உண்மையில் அங்கே இரண்டு சூரியன்கள், சுமார் 80 வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெரியது நம் சூரியன் மாதிரியே: எடை பத்தில் ஒரு பங்குதான் அதிகம், மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் சூடு.

அது இரட்டை என்று 1689-இல் முதலில் கண்டுசொன்னவர் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பார்த்த இடம் நம்ம புதுச்சேரி! நினைத்தாலே பூரிப்பாக இருக்கிறது.

"அந்த வெளிச்சம் இப்ப கிளம்பினதாடா?" அம்மா கேட்டார்.

"இல்லம்மா. நாலு வருஷம் நாலு மாசம் ஆச்சு, அங்கிருந்து கிளம்பி."

அம்மா விரல் மடக்கி எண்ணினார். அப்பா போய் இந்த ஆடி வந்தால்தான் நாலு வருஷம்.

"அப்போ அவர் இருக்கறப்ப கிளம்பினது."

கரண்ட் வந்த பிறகும் நாங்கள் கீழே இறங்கவில்லை.