மிளகுக்குத் துணை கிடைத்துவிட்டது, கூண்டு வேலைதான் பாக்கி

என் கினிப்பன்றிகள் மிளகும் குட்டையனும் இப்போது ஒரே புல் குவியலில் மூக்கை நுழைத்துத் தின்கிறார்கள். துரத்தல் இல்லை, பல் கடிப்பு இல்லை. இந்த நிலைக்கு வந்த கதையைச் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

மிளகின் தங்கை போன பிறகு மிளகு நன்றாகத்தான் சாப்பிட்டாள், எடையும் குறையவில்லை. ஆனால் கீரைப் பை சலசலத்தால் வீடே அதிரக் கத்துகிறவள் வாய் திறக்கவில்லை. கினிப்பன்றி கூட்டத்தோடு வாழப் பிறந்த பிராணி. தனியாக வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே இருக்கிறது. நாம் எவ்வளவுதான் மடியில் வைத்துக் கொஞ்சினாலும் இன்னொரு கினிப்பன்றி ஆகிவிட முடியாது.

முயலோடு விடலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். முயலின் பின்னங்கால் உதை ஒன்றே எலும்பை முறித்துவிடும். போர்டெடெல்லா என்ற கிருமியை முயல் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும், கினிப்பன்றிக்கு அதுவே நிமோனியாவாக மாறும். தீனியும் ஒத்துவராது. வைட்டமின் சி முயலின் உடம்பிலேயே உண்டாகிறது, இவர்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

குட்டையன் விதை நீக்கிய ஆண். ஒற்றைப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது என் கட்சி. அறுவை முடிந்து 6 வாரம் கழியும்வரை ஆணுக்குக் கருத்தரிக்க வைக்கும் திறன் மிச்சம் இருக்கலாம் என்பதால், அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அழைத்து வந்தேன். மிளகைப் போல வயது முற்றிய பெண் முதல்முறை சினையானால் இடுப்பெலும்பு விரியாமல் உயிருக்கே ஆபத்து. கடையில் குட்டி வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஏமாறுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. விற்கிறவர் 'ரெண்டும் பொண்ணுதான்' என்பார், இரண்டு மாதத்தில் குட்டி போட்டிருக்கும். தூக்கிப் புரட்டி நாமே பார்த்துவிட வேண்டும். பெண்ணுக்கு Y வடிவ மடிப்பு தெரியும். ஆணுக்குத் துவாரத்துக்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் குறி வெளியே வரும். குட்டையனை ஒரு தத்துக் குழுவிடம் வாங்கினேன். அவர்கள் பாலினம், எடை, பல் எல்லாம் எழுதியே கொடுத்தார்கள்.

நோய் இருந்தால் தெரியட்டும் என்று குட்டையனைத் தனி அறையில் மூன்று வாரம் வைத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சளி, சொறி எதுவும் இல்லை.

அறிமுகம்தான் முழு வேலையும். இருவரும் கால் வைக்காத தரையில் கம்பித் தடுப்பு போட்டு, நடுவில் மலை மாதிரி புல் கொட்டினேன், தண்ணீர்க் குடுவை இரண்டு. ஒளியும் இடம் என்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் குடில்கள் பலவற்றுக்கும் ஒரே வாசல்! உள்ளே ஓடியவளுக்கு வெளியே வழி கிடையாது, துரத்தி வந்தவன் வாசலில் நிற்பான், சண்டை அங்கேதான் முற்றும். அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கமும் வெட்டி ஆர்ப்பாட்டம் இல்லாமல் வேலையை முடித்தேன். பெட்டியை மூலையில் ஒட்டி வைக்கக் கூடாது, சுற்றி ஓட இடம் விட வேண்டும்.

குட்டையன் உள்ளே வந்ததும் உர்ர்ர் என்று உறுமிக்கொண்டு இடுப்பை இருபுறமும் ஆட்டி நடந்தான். பின்னால் மோந்தான், ஏறப் பார்த்தான். மிளகு திரும்பி அவன் மூஞ்சியில் சிறுநீர் பீய்ச்சினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவன் ஒரு நிமிடம் கழித்து மறுபடி உறுமினான். பார்க்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும், ஆனால் கை வைக்கக் கூடாது. உறுமல், துரத்தல், ஏறுதல், மூக்கை உயர்த்தி யார் பெரியவர் என்று பார்ப்பது எல்லாமே அவர்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை. இடையில் பிரித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

பல் சத்தம் மட்டும் வேறு. கடகடவென்று பல் தட்டி, கழுத்து முடி சிலிர்த்து, இருவரும் நேருக்கு நேர் நின்று தலையைத் தூக்கினால் அடுத்தது பாய்ச்சல்தான். அதற்குத்தான் குப்பை முறமும் தடித்த துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். கையை விட்டால் விரல் கடிபடும். ஒருமுறை மிளகு பல் தட்டினாள், முறத்தை இடையில் நுழைக்க எழுந்தேன், அதற்குள் குட்டையன் பின்வாங்கிப் புல்லுக்குப் போய்விட்டான். ரத்தம் வந்தால் மட்டும் நிறுத்திவிட வேண்டும். இங்கே வரவில்லை.

சாயங்காலத்துக்குள் உறுமல் குறைந்தது. அப்புறம் குட்டையன் நின்ற இடத்திலிருந்து துள்ளிக் குதித்தான், சோளப்பொரி வெடிக்கிற மாதிரி. மிளகும் கூடச் சேர்ந்து துள்ளினாள், நீண்ட நாளைக்குப் பிறகு அவள் கத்தலும் கேட்டது. அழுதுவிட்டேன்.

இருவரும் இன்னும் தடுப்புக்குள்தான் இருக்கிறார்கள். பழைய கூண்டில் மிளகின் வாசனை ஊறியிருக்கிறது, அப்படியே விட்டால் தன் வீடு என்று சண்டைக்கு வருவாள். ஃபிளீஸ் துணி விரிப்பு முழுவதும் துவைக்கப் போட்டிருக்கிறேன், அடித்தட்டை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தேய்க்க வேண்டும். இருவருக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடி, எனக்குப் பத்தரை வேண்டும். கூண்டைப் பெரிதாக்கக் கம்பிச் சதுரங்களும் இணைப்பிகளும் வந்துவிட்டன, அடித்தட்டுக்கு பிளாஸ்டிக் அட்டை வெட்டுவதுதான் பாக்கி. சாய்தளம் வைத்து மாடி கட்டலாமா என்று யோசிக்கிறேன். சரிவு மென்மையாக இருந்தால்தான் ஏறுவார்கள், இறங்கும்போது வழுக்காமல் துணியும் ஒட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு பெண்ணைச் சேர்க்கும் எண்ணமும் இருக்கிறது. முதலில் கூண்டு.