பெரிதாக்கினால் மட்டும் போதாது

போன வாரம் என் காகித விமானத்தின் இடது இறக்கையைப் பிய்த்துப் போட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. மனசு கேட்கவில்லைதான், ஆனால் மூக்குப் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஒரு இறக்கை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு கட்ட எனக்கு வரவில்லை.

செய்துகொண்டிருப்பது ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம், 1:16 அளவில், முழுக்கக் காகிதமும் அட்டையும். நிஜ விமானத்தில் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், அதனால் என் மேஜையில் 70 சென்டிமீட்டர். காகித விமானங்களுக்கு வழக்கமான அளவு 1:33. போலந்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அந்த அளவில் அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அதில் பழகித்தான் நானும் வந்தேன். அதனால் பெரிய மாடல் என்றதும் முதலில் தோன்றியது சுலபமான வழிதான்: 1:33 வரைபடத்தை 206 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அச்செடு, ஒட்டு.

ஒட்டிப் பார்த்தேன். உள்ளே வரும் குறுக்குச் சட்டங்களில் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் வெட்டுகள் இருக்கும் இல்லையா, அவை 1 மி.மீ. அட்டைக்கு வரையப்பட்டவை. வரைபடத்தைப் பெரிதாக்கியதும் வெட்டு 2 மி.மீ. ஆகிவிட்டது, அட்டை அதே 1 மி.மீ. எலும்புக்கூடு மொத்தமும் லொடலொட. சரி, இரண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டிச் சமாளிக்கலாம். ஆனால் மேல் தோல்? சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, காகிதம் அங்கே உள்ளே அமுங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி ஒவ்வொரு சட்டமும் வெளியே தெரிந்தது. தகடுகளின் இணைப்புக் கோடுகளும் தடித்துப்போய் மார்க்கரால் கிறுக்கியது போல இருந்தன. சின்ன அளவில் கண் தானாக நிரப்பிக்கொண்ட இடமெல்லாம் பெரிய அளவில் வெறுமையாக நின்றது.

அந்த எலும்புக்கூட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வரைபடத்தை முதலிலிருந்து நானே வரைய ஆரம்பித்தேன். சட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன், நீளவாக்கில் மெல்லிய அட்டைப் பட்டைகள் ஓட்டினேன், அதன்மேல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாளில் ஓர் உள்தோல், அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் அச்சடித்த வெளித்தோல். வேலை நாலு மடங்கு. ஆனால் செய்யச் செய்ய ஒன்று பிடிபட்டது: நிஜ விமானத்தைக் கட்டிய முறைக்குப் பக்கத்தில் நான் வந்துகொண்டிருக்கிறேன். அதுவும் தட்டையான அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, சட்டத்தின்மேல் பொருத்தியதுதானே. தகடும் தாளும் ஒரே குணம். ஒரு திசையில் சொன்ன பேச்சைக் கேட்கும், இரண்டு திசையிலும் சேர்த்து வளை என்றால் மடங்கி மறுக்கும். ஸ்பிட்ஃபயரின் அந்த அழகான நீள்வட்ட இறக்கையைச் செய்ய அதன் எதிரியான ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் இறக்கையைவிட மிக அதிக வேலை நேரம் பிடித்தது என்பார்கள். கத்தரியும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தால் அது ஏன் என்று விரலுக்கே தெரியும்.

தடிமன் விஷயத்திலும் பெரிய அளவு நமக்குச் சாதகம். 0.2 மி.மீ. தாள் 1:33-இல் நிஜத்தின் 6.6 மி.மீ. தகட்டுக்குச் சமம், ஒரு சின்ன மூடியைத் திறந்து காட்டினால்கூடக் கோட்டைக் கதவு போல இருக்கும். அதே தாள் 1:16-இல் 3.2 மி.மீ. தான். இன்னும் தடிமன்தான், ஆனாலும் விமானியின் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் கதவு என்று நம்பத் தோன்றுகிறது.

இப்போது இறக்கை. எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. தாளுக்கு இழை உண்டு. கிழித்துப் பார்த்தால் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். நேராகக் கிழிவது இழையின் திசை. ஈரம் பட்டால் தாள் விரிவது பெரும்பாலும் இழைக்குக் குறுக்கே. நான் என்ன செய்தேன் என்றால், இடது இறக்கையின் மேல்தோல் அச்சுத் தாளுக்குள் அடங்கவில்லை என்று அச்செடுக்கும்போது அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது இறக்கையில் இழை நீளவாக்கில், இடதில் அகலவாக்கில். வெள்ளைப் பசையில் இருந்த தண்ணீரைக் குடித்து இரண்டும் இரண்டு விதமாக உப்பி, காயும்போது இரண்டு விதமாக இழுத்துக்கொண்டன.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நேரானதே இல்லை. உடலோடு சேருமிடத்தில் முன்விளிம்பு 2 டிகிரி மேல்நோக்கி இருக்கும், நுனிக்குப் போகும்போது அரை டிகிரி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும், மொத்தம் இரண்டரை டிகிரி முறுக்கு. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது உடலை ஒட்டிய பகுதி முதலில் இழக்கட்டும், நுனிப் பக்கம் இருக்கும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்) அதுவரை வேலை செய்யட்டும் என்பதற்காக. அப்போது விமானம் நடுங்கும், அந்த நடுக்கமே விமானிக்கு எச்சரிக்கை. ஆக நான் இரண்டு இறக்கையையும் முறுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே அளவில். இந்தத் தடவை ஒரு தாங்கி செய்து, நுனிப் பக்கத்தில் பின்விளிம்புக்கு அடியில் 3.5 மி.மீ. உயரத்துக்கு அட்டைத் துண்டுகள் கொடுத்து, இறக்கையை அதன்மேல் அழுத்தி வைத்துத்தான் தோலை மூடுகிறேன். தண்ணீர் கலந்த பசை விளிம்புகளுக்கு மட்டும், மற்ற இடத்துக்கு ஈரமில்லாத பசை.

ஒவ்வொரு பாகத்தையும் இப்படி யோசித்துச் செய்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லூகா யாகோனி-ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், 2008-இல் பள்ளி மாணவராக இருந்தபோது, கோப்பு வைக்கும் மணிலா அட்டையில் ஏர் இந்தியாவின் போயிங் 777-ஐ 1:60 அளவில் ஆரம்பித்தார். மடங்கி உள்ளே போகும் சக்கரக் கால்கள், வரிசை வரிசையாக இருக்கைகள், எல்லாம் அட்டை. ஆண்டுக்கணக்கில் செய்தார், பிடிக்காத பாகங்களைப் பிரித்து மறுபடி செய்தார். இறக்கையைப் பிய்க்கும்போது அவரை நினைத்துக்கொண்டேன்.

விமானி அறையில்தான் எனக்கு ஆசை அதிகம். கருவிப் பலகை மூன்று அடுக்கு: பின்னால் அச்சடித்த முகப்புகள், நடுவே ஒளிபுகும் ஷீட், முன்னால் வட்டங்கள் குத்தி எடுத்த கறுப்பு அட்டை. விளக்கைச் சாய்த்துக் காட்டினால் ஒவ்வொரு கருவிக்கும் கண்ணாடி மின்னும். இருக்கையைத் தாளில் மடித்து, சூப்பர் குளூவை ஊற விட்டு, கெட்டியானதும் தேய்த்து, செம்பழுப்பு வண்ணம் கொடுத்தேன். அந்த நிறத்துக்குக் காரணம் இருக்கிறது. நிஜ ஸ்பிட்ஃபயர்கள் பலவற்றில் விமானியின் இருக்கையே பிசின் ஊட்டி இறுக்கிய காகிதம்தான். அந்தப் பிசினின் நிறம் அது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் தண்டர்போல்ட், மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானங்கள் கூடுதல் பெட்ரோலுக்காக 108 கேலன் பிடிக்கும் காகிதத் தொட்டிகளைக்கூடச் சுமந்து பறந்திருக்கின்றன, காலியானதும் கழற்றி விட்டுவிடுவார்கள். அடுத்து தண்டர்போல்ட் செய்தால் வயிற்றுக்கு அடியில் அந்தத் தொட்டி நிச்சயம் உண்டு.

இப்போதைக்குப் புது இடது இறக்கை தாங்கியில் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளை சாயங்காலம் வரை அதைத் தொடப்போவதில்லை. அதன் பிறகு இறக்கையும் உடலும் சேருமிடத்தில் வரும் அந்தக் குழிந்த வளைவு, இதழ் இதழாகப் பதினொரு துண்டு, வெட்டி விளிம்புக்கு வண்ணம் பூசி வைத்துவிட்டேன்.