வந்தது 1.1, போனது 2.2

பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்த காலத்தில் உள்தேர்வு ஒன்றில் நான் போட்ட கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. 10 ஓம், 20 ஓம், 30 ஓம் என மூன்று மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தன. அவை பிரியும் சந்திக்குள் வரும் மொத்த மின்னோட்டம் 1.1 ஆம்பியர், ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு பாயும் என்பது கேள்வி. இரண்டு மின்தடைகளுக்கான மின்னோட்டப் பகுப்பு விதி, வகுப்பில் நாங்கள் சொன்னபடி ‘கரண்ட் டிவைடர்’, எனக்கு மனப்பாடம்: எதிர்க்கிளையின் மின்தடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, மொத்த மின்னோட்டத்தால் பெருக்க வேண்டும். அதையே மூன்று கிளைகளுக்கும் நீட்டினேன். 10 ஓம் கிளைக்கு மற்ற இரண்டையும் கூட்டி மேலே 50, கீழே 60, விடை 0.917 ஆம்பியர். அவ்வாறே மற்ற இரண்டுக்கும் 0.733, 0.55 என்று வந்தன. திருத்திய ஆசிரியர் அடித்துக்கூடக் காட்டவில்லை. மூன்று விடைகளையும் கூட்டி, ஓரத்தில் 2.2 என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு சந்திக்குள் வருவதும் அதிலிருந்து வெளியேறுவதும் சமம் என்று இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-இல் சொன்னதை, மூன்று வரிகளில் மீறியிருந்தேன்.

எதிர்க்கிளையின் மின்தடை ஏன் மேலே வருகிறது என்று நான் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. பக்க இணைப்பில் எல்லாக் கிளைகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. ஆகவே ஓம் விதிப்படி, ஒவ்வொரு கிளையின் பங்கும் அதன் மின்தடையின் தலைகீழ் மதிப்பைப் பொறுத்தே அமையும். கிளைகள் இரண்டாக இருக்கும்போது அந்தத் தலைகீழ் விகிதத்தைக் குறுக்கே பெருக்கினால் எதிர்க்கிளையின் மதிப்பு தானாக மேலே வந்து நிற்கிறது. அது இரண்டு கிளைகளுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. விதியின் உட்பொருள் தலைகீழ் விகிதம்தான். என் கணக்கில் 1/10, 1/20, 1/30 ஆகியவை 6 : 3 : 2 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மொத்தம் 11 பங்குகள், எனவே 0.6, 0.3, 0.2 ஆம்பியர். மூன்று கிளைகளிலும் மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிப் பார்த்தால் 6 வோல்ட் வருகிறது. சூத்திரத்தை விட மனம் வராதவர்கள், 20-ஐயும் 30-ஐயும் முதலில் 12 ஓம் ஆக்கிக்கொண்டு, 10-க்கு எதிரே அதை வைத்தால் அதே 0.6 கிடைக்கும்.

இந்த விதி எனக்கு உண்மையில் கைவந்தது தேர்வில் அல்ல, பழைய முள் மீட்டர் ஒன்றை, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டராக மாற்றியபோதுதான். அதன் சுருளின் மின்தடை 100 ஓம். 1 மில்லி ஆம்பியரில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடும். அதைக்கொண்டு 1 ஆம்பியர் வரை அளக்க வேண்டுமானால், மீதி 999 மில்லி ஆம்பியரைப் பக்கத்தில் ஷண்ட் எனப்படும் ஒரு சிறு மின்தடை வழியே திருப்பிவிட வேண்டும். அதன் மதிப்பு 100-ஐ 999-ஆல் வகுத்தால் வரும் 0.1001 ஓம். 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியில் ஏறத்தாழ 1.15 மீட்டர் வெட்டிச் சுற்றினேன். 0.5 ஆம்பியரைச் செலுத்தியபோது முள் 0.55-இல் நின்றது.

கம்பியின் நீளத்தைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல வேளையாக வெட்டவில்லை. ஷண்டை முனையத்தில் இறுக்கியிருந்த திருகு சரியாகப் பிடிக்காமல், அந்தத் தொடுகை 0.01 ஓம் அளவுக்கு மின்தடையைச் சேர்த்திருந்தது. நூறு ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, 0.1 ஓமுக்கு முன்னால் பத்தில் ஒரு பங்கு. ஷண்ட் கிளையின் மின்தடை பத்து விழுக்காடு கூடியதால், மீட்டருக்குள் சென்ற மின்னோட்டமும் ஏறக்குறைய அதே பத்து விழுக்காடு கூடிவிட்டது. மீட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் முனையத்தில் மாட்டாமல், ஷண்டின் உடம்பிலேயே, திருகுக்கு உட்புறமாகப் பற்றவைத்தேன். இப்போது அந்தத் திருகின் மின்தடை இரண்டு கிளைகளுக்கும் வெளியே, பொதுப்பாதையில் போய்விட்டது. பங்கீட்டில் அதற்கு இடமில்லை. முள் 0.5-க்கு வந்தது. திருகு முற்றிலும் கழன்றிருந்தால், பழைய இணைப்பில் சுற்றின் மின்னோட்டம் முழுவதும் 1 மில்லி ஆம்பியர் சுருளுக்குள் பாய்ந்து அதை எரித்திருக்கும். புதிய இணைப்பில் சுற்று அறுபடுமே தவிர, மீட்டர் தப்பித்துவிடும்.

செம்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு மின்தடை கூடும் உலோகம் என்பதால் மதிய வெயிலில் அளவு மாறிவிடுமோ என்று அஞ்சினேன். சுருளும் செம்பு, ஷண்டும் செம்பு. அறையோடு சேர்ந்து இரண்டும் ஒன்றாகச் சூடேறும்வரை விகிதம் மாறுவதில்லை. மின்னோட்டத்தால் ஷண்ட் மட்டும் தனியே சூடேறும்போதுதான் சிக்கல். பெரிய மின்னோட்டங்களுக்கான ஷண்டுகளை, வெப்பத்தால் மின்தடை அதிகம் மாறாத மாங்கனின் உலோகக்கலவையில் செய்வது அதனால்தான்.